பதினேழாவது ஆணி

உலகத்தில் மலைகள் முளைத்ததே விசில் மாமாவுக்கு ஒரு வேலை வேண்டும் என்பதற்காகத்தான். அவர் தும்மினால் எதிர்மலையில் பாறை உருளும். மேகம் அவரைக் கேட்காமல் கீழே இறங்காது. இடி விழுவதற்கு முன் தொண்டையைச் செருமி, "வரலாமா?" என்று கேட்கும். அவர் காவல் இருக்கும் மலையில் சிறுத்தைகள்கூட நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வேட்டைக்குப் போகும்.

இவ்வளவு பெருமைக்கும் உரியவர் ஐந்தடி மூன்றங்குலம். மழை வருவதற்கு முதல்நாளே அவருக்கு இடது முழங்கால் வலிக்கும். மலையடிவாரத்தில், பாதை தொடங்கும் இடத்தில் அவருடைய சாவடி. ஒற்றை அறை, ஒரு கட்டில், ஒரு அடுப்பு, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. ஒன்றில் அவர் உட்காருவார். இன்னொன்றில் அவருடைய மழைக்கோட்டு உட்கார்ந்திருக்கும். பத்தொன்பது வருடமாக அவர் பேச்சைக் குறுக்கே பேசாமல் கேட்டது அந்தக் கோட்டு ஒன்றுதான். கல்யாணம் தள்ளிப்போய்த் தள்ளிப்போய், ஒரு கட்டத்தில் மலையையே தாண்டிப் போய்விட்டது. வெளியூரில் இருக்கும் அக்கா ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் செய்வார். சிக்னல் ஜன்னலின் வலது மூலையில் மட்டும்தான் கிடைக்கும். அதனால் மாமா கழுத்தைக் கோணிக்கொண்டு, பல்லி மாதிரி சுவரில் ஒட்டிக்கொண்டு, "நல்லாத்தான் இருக்கேன்" என்பார்.

அவர் வேலை, மேலே போகிறவர்களை எண்ணுவது. கீழே வந்ததும் மறுபடி எண்ணுவது. சுவரில் நாற்பது ஆணி, அவற்றில் எண் போட்ட நாற்பது தகர வில்லை. ஏறுகிறவர் நோட்டில் எழுதிவிட்டு ஒரு வில்லையை எடுத்துக்கொள்ள வேண்டும். பகல் இரண்டு மணிக்குள் இறங்கி அதைத் திரும்ப மாட்டி, நோட்டில் 'இறங்கிய நேரம்' என்ற கட்டத்தை நிரப்ப வேண்டும். பத்தொன்பது வருடத்தில் அந்தக் கட்டம் ஒன்றுகூடக் காலியாக விடப்பட்டதில்லை. மாமாவிடம் சொத்து என்று இருந்தது அதுதான்.

இன்னொரு ஏற்பாடும் உண்டு. வாசலில் ஈர மணல் பரப்பிய ஒரு தட்டு. ஏறுகிறவர் அதில் வலது காலை ஷூவோடு அழுத்த வேண்டும். அந்த அச்சை மாமா நோட்டில் பென்சிலால் வரைந்துகொள்வார். கேட்டால், "நீ காணாமப் போனா நான் என்னத்த வச்சுத் தேடுவேன்? சேத்துல மூஞ்சி பதியாதுல்ல" என்பார்.

ரப்பர் செருப்போடு வருகிறவர்களிடம், "இது மலை தம்பி. உன் மாமியார் வீட்டு மாடிப்படி இல்ல" என்பார். தண்ணீர் பாட்டிலைத் தூக்கிப் பார்ப்பார். டார்ச்சை எரியவிட்டுப் பார்ப்பார். விசில் இல்லாதவருக்கு விசில் கொடுப்பார். "மாட்டிக்கிட்டா ஒரு நிமிஷத்துல ஆறு தடவை ஊது. ஒரு நிமிஷம் சும்மா இரு. மறுபடி ஆறு. மூணு சத்தம் பதிலா வந்தா ஆள் வர்றாங்கன்னு அர்த்தம்." இதைச் சொல்லிச் சொல்லியே அந்தப் பெயர் வந்தது. சொந்தப் பெயரை ஓட்டர் லிஸ்ட்டில்தான் தேட வேண்டும்.

சாவடியிலிருந்து கூப்பிடு தூரத்தில் பேருந்து திரும்பும் இடம். அங்கே ஒரு டீக்கடை. அதை நடத்தும் அக்கா மாமாவை அண்ணன் என்று கூப்பிடுவாள். அவளுக்கு ஒரு மகள், பதினாறு வயது. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் அவளும் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டார்கள். பேருந்துக் கண்டக்டரின் விசிலுக்குள் பட்டாணி போட்டு அடைத்தது, எருமைக் கழுத்தில் 'விற்பனைக்கு அல்ல' என்று அட்டை கட்டியது எல்லாம் அவள் பேரில் பதிவான வழக்குகள். அவளை எல்லாரும் வாலு என்றுதான் கூப்பிடுவார்கள்.

மழைக்காலத்தில் மலைக்கு யாரும் வருவதில்லை. பாதை திறந்தே இருக்கும், கால்தான் இருக்காது. அந்த வருடம் மழை பிடித்துக்கொண்ட பிறகு தொடர்ந்து பதினொரு நாள் ஒரு ஆள் இல்லை. ஆனாலும் மாமா தினமும் ஏழு மணிக்குக் கதவைத் திறந்து, மணலை மரக்கட்டையால் சமன்செய்து, நோட்டில் தேதி எழுதுவார். இரண்டு மணிக்கு அந்தத் தேதிக்குக் கீழே ஒரு கோடு போடுவார். அப்புறம் பழைய பக்கங்களைப் புரட்டி, "கண்ணாடிக்காரர், ரெண்டு பிள்ளைங்க, இறங்குனது ஒண்ணே கால்" என்று மழைக்கோட்டுக்கு வாசித்துக் காட்டுவார். நாற்பது வில்லையும் நாற்பது ஆணியில் தொங்கும். எல்லாரும் பத்திரம். அதாவது, யாருமே இல்லை.

பன்னிரண்டாம் நாள் காலை, பின்னாலிருந்த குழாயில் குடத்தை நிரப்பிக்கொண்டு வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். மணல் தட்டில் ஒரு அச்சு.

குடத்தை இறக்கி வைக்கக்கூடத் தோன்றவில்லை அவருக்கு. வலது கால், சின்ன அளவு. குதிகாலில் ஒரு நட்சத்திரம். ஐந்து முனையில் ஒன்று தேய்ந்துபோய் நாலுதான் தெரிந்தது. நோட்டில் கோழி கிளறியது போன்ற கையெழுத்தில், 'ஒரு ஆள். தனியாக. உச்சி வரை' என்று எழுதியிருந்தது. சுவரில் பதினேழாவது ஆணி காலி.

"மரியாதை தெரியாத ஜென்மம். ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகக்கூடாதா?" என்று கோட்டிடம் திட்டினார். திட்டிக்கொண்டே நட்சத்திரத்தை அழகாக வரைந்தார். அன்று அரிசி கொஞ்சம் கூடுதலாக உலையில் விழுந்தது. மழைக்கோட்டை எடுத்து ஆணியில் மாட்டி, அந்த நாற்காலியைத் துடைத்தும் வைத்தார். இறங்கி வருகிறவர் கால் ஓய்ந்து வருவார் அல்லவா.

ஒரு மணிக்கு ஜன்னல் வழியே பார்த்தார். ஒன்றரைக்குப் பார்த்தார். இரண்டு மணிக்குக் கோடு போடும் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு பாதையையே பார்த்தார். மேலே மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டே காலுக்கு மூன்று முறை விசில் ஊதினார். பதில் இல்லை. தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட ஜன்னல் மூலையில் ஒட்டிப் பார்த்தார். மழையில் சிக்னல் அந்த மூலையையும் காலி செய்துவிட்டுப் போயிருந்தது. டீக்கடையில் போன் உண்டு, ஆனால் மத்தியானம் பூட்டினால் நாலு மணிக்குத்தான் கடை திறக்கும்.

வாசல் ஸ்லேட்டில் எழுதினார்: 'பதினேழைத் தேடிப் போகிறேன். சுனைப் பாதை. நேரம் 2.40. ஐந்துக்குள் வரவில்லை என்றால் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லவும்.'

ஸ்லேட்டுக்கு நேர் மேலே, அவர் கையாலேயே எழுதிய பலகை தொங்கியது: 'மலையில் தனியாகப் போகாதீர்கள்.' அதைப் பார்க்காத மாதிரி பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

சுனைக்கு முன்னால் களிமண் திட்டு ஒன்று உண்டு. அதை மிதிக்காமல் யாரும் மேலே போக முடியாது. மாமா குனிந்து பார்த்தார். முயல் போயிருந்தது, காட்டுக்கோழி போயிருந்தது. நட்சத்திரம் மட்டும் இல்லை.

'மழை அழிச்சிருக்கும்' என்று ஒரு மனம் சொன்னது. 'மழை முயலை மட்டும் விட்டு வச்சுதா?' என்று இன்னொரு மனம் கேட்டது.

நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு, யாரும் மேலே போகவில்லை. அது அவருக்கே தெரிந்தது. ஆனால் மீதி ஒன்று? அந்த ஒன்றுக்குத்தான் சம்பளம். ஏறினார்.

சுனையைத் தாண்டி, இரண்டாவது வளைவில், பத்தொன்பது வருடமாக ஊருக்கெல்லாம் சொன்ன ஒன்றை அவரே மறந்தார். நனைந்த வேரின் மேல் கால் வைக்கக்கூடாது. வைத்தார். வேர் வழுக்கிவிட்டது, வலது கணுக்கால் 'மடக்' என்றது, ஆள் பத்தடி கீழே ஒரு புதரில் கிடந்தார்.

எழுந்து பார்த்தார், முடியவில்லை. சரி, இனி ஊருக்குச் சொன்னதைத் தானே செய்ய வேண்டியதுதான். ஷூவைக் கழற்றவில்லை. கழற்றினால் வீங்கிவிடும், மறுபடி நுழையாது. ஷூவுக்கு மேலேயே துணியை இறுக்கிச் சுற்றினார். பையைத் தரையில் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார், ஈரத் தரை உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும் என்பதால். நனைந்த சட்டையைக் கழற்றி, பையிலிருந்த உலர்ந்த ஸ்வெட்டரைப் போட்டு, பிளாஸ்டிக் விரிப்பைத் தலையோடு போர்த்திக்கொண்டார். ஆறு முறை ஊதினார். ஒரு நிமிடம் காத்திருந்தார். மறுபடி ஆறு.

மூடுபனி அவரைச் சுற்றிச் சுவர் எழுப்பியது. விசில் சத்தம் கொஞ்ச தூரம் போய், போக மனமில்லாமல் திரும்பி வந்தது.

காத்திருந்த ஒரு நிமிடம் ஒன்றில்தான் அது அவருக்கு உறைத்தது. நாற்பது ஆணி. நாற்பது வில்லை. எத்தனையோ முறை யார் யாரையோ தேடி இந்த மலையில் ஏறியிருக்கிறார். ஒருமுறைகூடத் தனக்கென்று ஒரு வில்லை எடுத்ததில்லை. எடுத்தாலும் ஆணி காலியாக இருப்பதைப் பார்க்க அங்கே யார் இருக்கிறார்கள்? ஞாயிற்றுக்கிழமை அக்கா போன் செய்வார். எடுக்காவிட்டால் 'சிக்னல் இல்லபோல' என்று நினைத்துக்கொள்வார். அன்று திங்கட்கிழமை.

ஸ்லேட்டில் எழுதியதை நினைத்தார். பதினொரு நாளாக அந்த வாசலுக்கு யார் வந்தார்கள், அதைப் படிக்க?

ஆறு. ஒரு நிமிடம். ஆறு. உதடு மரத்துப்போனது.

ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால், வெளிச்சம் தேயத் தொடங்கிய நேரத்தில், கீழேயிருந்து மூன்று சத்தம் கேட்டது. மாமா நம்பவில்லை. காது பொய் சொல்கிறது என்று நினைத்தார். மறுபடி மூன்று. அப்புறம் விசிலை விடச் சத்தமாக ஒரு குரல்.

"அண்ணே! அறிவிருக்கா உங்களுக்கு? போர்டுல கொட்டை எழுத்துல எழுதி வச்சிருக்கீங்களே, படிக்கத் தெரியாதா?"

டீக்கடை அக்கா ஒரு கையில் குடையோடு முன்னால் வந்தாள். பின்னால் தீயணைப்புக்காரர்கள் நாலு பேர் தூக்குப் படுக்கையோடு.

"பதினேழு கிடைச்சுதா?" என்றார் மாமா.

"முதல்ல நீங்க கிடைங்க!"

"எப்படித் தெரிஞ்சது?"

"வாலு நாலரைக்கு உங்க வாசலுக்கு வந்திருக்கா. ஸ்லேட்டைப் பார்த்துட்டு மூச்சு வாங்க ஓடி வந்தா. அழுகை வேற. இவ அழுது நான் பார்த்ததே இல்ல. கடை போன்ல கூப்பிட்டோம்."

தீயணைப்புக்காரர்கள் இரண்டு நாள் மலையைச் சல்லடை போட்டுச் சலித்தார்கள். யாரும் இல்லை. "எவனோ விளையாடியிருக்கான், விடுங்க" என்றார்கள். மாமாவால் விட முடியவில்லை. காலில் மாவுக்கட்டு. ஆறு வாரம் தன் வீட்டுக்கு வந்து இரு என்று வெளியூர் அக்கா போனில் கெஞ்சினார். "அந்தக் கட்டம் காலியா இருக்குக்கா. மூடாம எப்படி வர்றது?" என்றார். கட்டிலில் படுத்தபடி பதினேழாவது ஆணியையே பார்த்துக்கொண்டிருந்தார். மழை சடசடவென்று அடிக்கும்போதெல்லாம், மேலே எங்கோ ஒரு ஆள் நனைவதாகத் தோன்றி எழுந்து உட்கார்ந்தார்.

சாப்பாடு டீக்கடையிலிருந்து வந்தது. வேளைக்கு வேளை வாலுதான் கொண்டு வந்தாள். மணலைச் சமன்செய்தாள், தேதி எழுதினாள், கேட்காமலேயே விளக்குமாற்றை எடுத்தாள். மாமா அவளைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தார்.

மூன்றாவது வாரம், மலையேறுவோர் சங்கத்தார் தங்கள் ஆண்டு மலருக்கு மாமாவைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லி டீக்கடையில் கேட்டார்கள். "ஊர்ச் சுவரையெல்லாம் கிறுக்குறியே, இதையும் கிறுக்கு" என்று டீக்கடை அக்கா அதை மகள் தலையில் கட்டினாள். மகள் எழுதிக்கொண்டு வந்து, கட்டில் ஓரத்தில் நின்று வாசித்தாள். மலை முளைத்தது, இடி தொண்டையைச் செருமியது, வேர் வழுக்கியது, விசில் ஊதியது வரை. மாமா கண்ணை மூடிக் கேட்டார். ஊன்றுகோல் மட்டும் சும்மா இல்லாமல் கதவுப் பக்கம் எதையோ துழாவியது.

"எப்படி மாமா?"

"நல்லா இருக்கு. ஒரு சந்தேகம். மூணு வாரமா ஒரு நாள்கூட நீ ஷூவோட உள்ள வரலையே, ஏன்?"

"சேறு மாமா. வீடு அழுக்காகும்."

"எருமைக்கு அட்டை கட்டுன ஆளுக்கு இவ்வளவு சுத்தம் எங்கேருந்து வந்துச்சு?"

ஊன்றுகோலின் வளைவில் வலது கால் ஷூ ஒன்று தொங்கியது. மாமா அதைத் திருப்பினார். குதிகாலில் நட்சத்திரம். நாலு முனை.

அவள் தாளை நாலாக மடித்தாள். "பதினோரு நாள் யாருமே வரல. நீங்க தினமும் சும்மா கோடு போடுறதை உங்க ஜன்னல் வழியா பார்த்தேன். நோட்டுப் பக்கத்துல ஒரு ஆளாவது இருக்கட்டுமேன்னுதான். மத்தியானமே வில்லையைக் கொண்டு வந்து மாட்டி, இறங்குன நேரம் எழுதிடலாம்னு இருந்தேன் மாமா. அம்மா சந்தைக்கு அனுப்பிட்டாங்க. பஸ் வரல."

மாமா ஷூவைத் தரையில் வைத்தார். அப்புறம் கையை நீட்டினார். அவள் பாவாடைப் பையிலிருந்து தகர வில்லையை எடுத்துக் கொடுத்தாள். மூன்று வாரமும் அது அங்கேதான் இருந்திருக்கிறது.

"என்கிட்ட எதுக்கு? ஆணியில மாட்டு." மாட்டினாள். "நோட்டை எடு. இறங்குன நேரம் எழுது."

"எந்த நேரம் போட மாமா?"

"இதுவரைக்கும் எழுதுன பொய் போதும். இப்ப மணி எத்தனை?"

"நாலு பத்து."

அவள் எழுதினாள். மாமா நோட்டை வாங்கி, அந்தக் கட்டத்தை விரலால் தடவிப் பார்த்து மூடினார். மூன்று வாரத்துக்குப் பிறகு முதல்முறையாக, சுவரைப் பார்க்காமல் தலையணையில் சாய்ந்தார்.

"உன் கட்டுரையில இந்தக் கதை வரலையே. சேர்த்து எழுது. சிறுத்தை கையெழுத்துப் போடுறதை மட்டும் எடுத்துடாத."

"சரி மாமா."

"நாளையிலேர்ந்து அந்தத் தட்டுல கால் வச்சுட்டுத்தான் உள்ள வரணும். அப்புறம் ஒரு ஆணியும் சுத்தியலும் கொண்டு வா. எனக்கு நாப்பத்தொண்ணு அடிக்கணும்."