பேட்டரிக்கு விட்ட தீர்த்தம்

தவறு செய்தவரே அதைத் தம் கையால் பதிவேட்டில் எழுதியும் வைத்திருந்தால், தண்டிக்க வேண்டியது தவறையா, எழுதியதையா? பட்டம் பெற்ற கையோடு, திருத்தணிக்கு மின்சாரம் வழங்கிய ஒரு சிறு கம்பெனியில் மேற்பார்வையாளராகச் சேர்ந்திருந்த என்முன், ஆடிக் கிருத்திகை நெருங்கிய ஒரு காலையில் இக்கேள்வி வந்து நின்றது. அது யுத்த காலம்; எந்தச் சரக்கும் சொன்ன நாளில் வராது.

எஞ்சின் நின்றுபோனால் மலைப்படி விளக்குகளுக்கு எங்கள் பேட்டரிகளே கதி. கண்ணாடித் தொட்டிகளில் ஈயத் தகடுகள், அமிலம். தகடு வெளியே தெரியாதபடி காய்ச்சி வடித்த நீரை விடுவதும், அமிலத்தின் அடர்த்தியை அளந்து குறிப்பதும் வாராந்தர வேலை. அன்று நான் அளந்தபோது, முழுதும் சார்ஜ் ஏற்றிய தொட்டிகளுள் சில, சும்மா நின்றபடியே வலுவிழந்திருந்தன. பதிவேட்டைப் புரட்டினேன். "வடிநீர் வரவில்லை. சரவணப் பொய்கைத் தண்ணீர் விட்டேன்" என்று பேட்டரி அறைப் பணியாளர் ஒளிக்காமல் எழுதியிருந்தார். அவரை அழைத்தேன். உடன் எஞ்சின் ஓட்டுநரும் வந்தார். அவர் பணியாளருடைய அக்காள் கணவர்.

"அரக்கோணத்துலேருந்து வடிநீர் ஜாடி வரலீங்க சார். தகடு காஞ்சிகினு இருந்திச்சி. எங்க வூட்டுச் செம்புல தீர்த்தம் வருசக்கணக்கா கெடாம கீது. அதான், புது வேட்டித் துணியில வடிகட்டி ஊத்தினேன்."

"தீர்த்தம் ஆடியாச்சி. பேட்டரிக்கு மொட்டை எப்போ?" என்றார் ஓட்டுநர்.

"சும்மா இரு பாவா. வேலை போயிடும்போல கீது."

அதற்குள் மானேஜர் வந்து பதிவேட்டை எட்டிப் பார்த்தார். "பட்டணத்துலேருந்து மின்சார இன்ஸ்பெக்டர் வரார். அந்த வரியை அடிச்சுட்டு, வடிநீர் விட்டதுன்னு எழுதுங்க. இவனை இன்னியோட அனுப்பிடுங்க."

நான் யோசித்தேன். பொய்கை நீரின் உப்புகள் தகட்டுக்கு ஆகா, அது உண்மை. ஆனால் அந்த ஒரு வரி இல்லாவிடில், தகடுகளே பழுதென்று எண்ணி, திருவிழாவுக்குமுன் வரவே வராத புதுத் தகடுகளுக்காகக் காத்திருந்திருப்பேன். எழுதியதற்காக அவரை அனுப்பினால், அடுத்து வருபவர் எதையும் எழுத மாட்டார். பதிவேடு குறையின்றி இருக்கும். காவடியோடு படியேறும் கூட்டம் இருட்டில் நிற்கும்.

"வரியை அடிக்க மாட்டேன் சார். அவரை அனுப்பவும் மாட்டேன். ஜாடி அனுப்பாதது நம் கிடங்கு. பொய்கைத் தண்ணீர் ஆகாதென்று அவருக்கு யாரும் சொன்னதில்லை, நான் உட்பட. இரண்டையும் அவர் வரிக்குக் கீழே எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன்."

"அப்புறம் உங்க வேலை?"

"இன்ஸ்பெக்டர் படித்துவிட்டுச் சொல்லட்டும்."

மானேஜர் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அரக்கோணத்துக் கிடங்குக்கு ஆளனுப்பி ஜாடிகளை வரவழைத்தேன். பணியாளரும் நானுமாக அத்தொட்டிகளின் அமிலத்தை வெளியேற்றி, வடிநீரால் அலசி, புது அமிலம் வார்த்துச் சார்ஜ் ஏற்றினோம். அமிலம் தெறித்து என் சட்டையெல்லாம் ஓட்டை. அளவு மெல்ல ஏறி நிலைத்தது; அதையும் அவரே எழுதினார்.

இன்ஸ்பெக்டர் அந்தப் பக்கத்தை நிதானமாகப் படித்தார். பிறகு மானேஜரைப் பார்த்து, "ஜாடி ஏன் வரலை?" என்று மட்டும் கேட்டார்.

பணியாளர் வேலையில் நீடித்தார். எந்த நீர் விட்டது என்பதற்குப் பதிவேட்டில் தனிக் கட்டம் போட்டோம். கூடுதலாக ஒரு வடிநீர் ஜாடி எப்போதும் அறையிலேயே இருந்தது. அதுவரை வாராவாரம் ஒன்றுபோலவே எழுதப்பட்டிருந்த அளவுகள், அதன்பின் உள்ளபடி ஏறியும் இறங்கியும் வரத் தொடங்கின.