மூன்றாம் ஞாயிற்று ஓலை

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் கோயிலில் ஒரு அம்மாள் எழுந்து நின்றார். யாரும் எழுந்து நிற்காத நேரத்தில்.

பாளையங்கோட்டைச் சபைகளில் கல்யாணம் நிச்சயமானால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். பேர்தான் ஓலை, எழுதுவது காகிதத்தில். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை ஏதாவது தெரிந்தவர்கள் இருந்தால் அறிவிக்கலாம் என்று ஐயர் சபையைப் பார்த்துக் கேட்பார். (எங்கள் பக்கத்தில் போதகரை ஐயர் என்றுதான் சொல்லுவோம்.) சபை கொஞ்ச நேரம் சும்மா இருக்கும். அவ்வளவுதான், அடுத்த பாட்டு.

அந்தச் சீட்டை எழுதிக் கொடுப்பதும், ரிஜிஸ்டரில் பதிவதும் என் வேலை. சம்பளம் கிடையாது. சபைக் கமிட்டியிலேயே என் கையெழுத்துதான் வாசிக்கிற மாதிரி இருக்கிறதாம்...

இந்தத் தடவை பெண் ஜெபமணி. பெண்கள் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு டீச்சர். புருஷன் நாலு வருஷத்துக்கு முன்னால் வாந்திபேதியில் போய்விட்டான். அன்றிலிருந்து அவன் தாயார் ஞானப்பூ அம்மாளோடுதான் இருக்கிறாள். ஒரே வீடு, ஒரே அடுப்பு. மாப்பிள்ளை ஏரலில் கம்பவுண்டர். தங்கமான பிள்ளை.

சீட்டு எழுத உட்கார்ந்தேன், பேனா நின்றுவிட்டது. பேருக்கு முன்னால் 'விதவை' என்று போட்டாக வேண்டும். எங்கள் ஊரில் விதவைக்குக் கல்யாணம் என்பது தினமும் நடக்கிற காரியமா? சபை முழுக்க உட்கார்ந்திருக்க, அந்த வார்த்தையை மூன்று வாரம் உரக்க வாசிப்பதா? "வெறும் பேரை மட்டும் எழுதிருதேன் தாயி, ஐயர்ட்ட நான் சொல்லிக்கிடுதேன்" என்றேன்.

"எழுதுங்க அண்ணாச்சி. எல்லாருக்கும் தெரிஞ்சதுதான. நீங்க விட்டுட்டா, நான்தான் மறைக்கச் சொன்னேன்னு வரும்" என்றாள்.

எழுதினேன்.

மெட்ராஸ் பத்திரிகைகளைப் புரட்டுங்கள். சோப்புக்காரரும் மாத்திரைக்காரரும் கூந்தல் தைலக்காரரும் காசு கொடுத்துத் தங்களைக் காட்டிக்கொள்கிறார்கள். அது விளம்பரம். கலெக்டர் கச்சேரிச் சுவரில் ஒட்டுகிறார்களே, அது அறிவிப்பு. நாம் கேட்காமலே ஊர் நம்மை எடுத்துக் காட்டிவிட்டால் அதற்குப் பேர் அம்பலம். ஐயர் வாயிலிருந்து வரும்போது ஓலை என்னவோ அறிவிப்புதான். பெண்கள் பக்கத்துப் பாயை எட்டும்போது என்னவாகிறது என்று யார் கண்டது?

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஓலை வாசிக்கிற மூன்று ஞாயிறும் கல்யாணப் பெண் கோயிலுக்கு வரமாட்டாள். தன் பேரைத் தானே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வெட்கமாம். ஜெபமணியும் வரவில்லை. ஞானப்பூ அம்மாள் தனியாக வந்து, வழக்கமான பாயில் உட்கார்ந்தார். ஐயர் முதல் ஓலையை வாசித்தார். அடுத்தது பாட்டு.

ஞானப்பூ அம்மாள் வாயைத் திறக்கவில்லை.

நல்ல சாரீரம் அவருக்கு. பெண்கள் பக்கத்தில் அவர் குரல்தான் முன்னால் போகும், மற்றவை பின்னால் வரும். அப்படிப்பட்டவர் தலையைக் குனிந்து பாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைக்கவில்லை, என் மனைவி ஆரம்பித்துவிட்டாள். "பாத்தியளா? ஞானப்பூ மதினி ஒரு பாட்டுக்கூடப் படிக்கல. மவன் இருந்த இடத்துல இன்னொருத்தன்னா பெத்த வயிறு சும்மா இருக்குமா?"

இரண்டாம் ஞாயிறும் அதே கதை. அதற்குப் பிறகு ஊருக்குத் தீனிக்குக் குறைவில்லை. மூன்றாம் ஓலையில் அந்தம்மா எழுந்து தடை சொல்லப்போகிறாள் என்று கிணற்றடியில் பேச்சு, கடைத்தெருவில் பேச்சு. நானும் இரண்டு பேரிடம் சொன்னேன். இப்போது நினைத்தால் கேவலமாக இருக்கிறது. ஓலை எழுதுகிறவனே இப்படி என்றால் மற்றவர்களை என்ன சொல்ல?

பேச்சு ஏரல் வரைக்கும் போய்விட்டது. மாப்பிள்ளையின் தகப்பனார் கடுதாசி போட்டார். ஒரு தாய் மனம் நொந்து நடக்கிற கல்யாணம் எங்களுக்கு வேண்டாம், மூன்றாம் ஓலைக்கு என் தம்பி வந்து உட்காருவான், அவன் கேட்டு வந்து சொல்வதை வைத்து முடிவு செய்வோம் என்று.

சனிக்கிழமை ஜெபமணி என்னைத் தேடி வந்தாள். முகம் வாடிப்போயிருந்தது.

"அத்தை ஏதாச்சும் சொன்னாங்களா?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லல அண்ணாச்சி. எப்பவும் போலத்தான் இருக்காங்க. கேக்க எனக்குப் பயமா இருக்கு. அவங்களுக்கு மனசில்லன்னா நான் இங்கனயே இருந்துருவேன்."

பார்ப்போம் என்று சொல்லி அனுப்பினேன்.

மூன்றாம் ஞாயிறு வந்தது. மாப்பிள்ளையின் சித்தப்பா ஆண்கள் பக்கம் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஐயர் ஓலையை வாசித்து, தடை உண்டா என்று கேட்டார். சபை சும்மா இருந்தது.

ஞானப்பூ அம்மாள் எழுந்தார்.

விசிறிகள் நின்றுபோயின. ஐயர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "என்ன தடைம்மா? சொல்லுங்க."

"தடை ஒண்ணும் இல்ல ஐயரே. அதச் சொல்லத்தான் எந்திச்சேன்."

ஐயருக்குத் திகைப்பு. "தடை இருந்தாத்தாம்மா சொல்லணும். இல்லன்னா சும்மா இருந்தாப் போதும்."

"ரெண்டு வாரம் சும்மா இருந்துதான பாத்தேன்? ஞானப்பூ வாயத் திறக்கல, அவளுக்கு மனசில்லன்னுல்லா ஊரு பேசுது. நேத்து ராத்திரிதான் எங்காதுக்கு வந்துச்சு. எனக்கு எழுத்து தெரியாது ஐயரே. ஒவ்வொரு அடியையும் அந்தப் பிள்ளைதான் புஸ்தகத்தப் பாத்து எங்காதுல சொல்லுவா, நான் பாடுவேன். ஓலை வாசிக்கிற அன்னைக்கு வரக்கூடாதுன்னு நீங்க அவள வீட்டுல உக்கார வச்சிட்டிய. நான் என்னத்தப் பாட?"

அவர் குரல் கொஞ்சம் தாழ்ந்தது.

"எம்மவன் போன அன்னைக்கே அவ தகப்பன் வீட்டுக்குப் போயிருக்கலாம். போகல. எங்கூட இருந்தா. இப்பம் போறா. சந்தோசமாப் போகட்டும்." என் பக்கம் திரும்பினார். "இதையும் எழுதிக்கிடுங்க."

உட்கார்ந்துவிட்டார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. சொல்ல என்ன வெட்கம்? ஐயர் பாட்டின் நம்பரைச் சொன்னார். அப்போது பெண்கள் பக்கத்தில் ஒரு சலசலப்பு. பார்த்தால், என் மனைவி. தன் பாயை விட்டு எழுந்து போய் ஞானப்பூ அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து, புஸ்தகத்தை விரித்துக் காதில் முதல் அடியைச் சொன்னாள். அவள் ரகசியம் பேசினால் மூன்று பாய் தள்ளிக் கேட்கும். ஆகவே அன்றைக்கு ஒவ்வொரு அடியையும் நாங்கள் எல்லோருமே இரண்டு தடவை கேட்டோம். இரண்டாம் தடவை ஞானப்பூ அம்மாளின் குரலில்.

ஏரல் சித்தப்பா பாட்டு முடிகிறவரைக்கும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். வெயில் என்று சொன்னார். கல்யாணம் அடுத்த வியாழக்கிழமை.

யோசித்துப் பாருங்கள். ஒருவர் மேல் நமக்கு வருத்தம் என்றால் ஊர் அறிய எத்தனை விதமாகக் காட்டுகிறோம்? முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம், பந்தியிலிருந்து எழுந்து போகிறோம், மொட்டைக் கடுதாசி போடுகிறோம். சந்தோஷம் என்றால் மட்டும் சும்மா இருந்தாலே தெரிந்துவிடும் என்று நினைத்துக்கொள்கிறோம். தெரிவதில்லை. நாம் சும்மா இருந்தால் ஊர் தன் இஷ்டத்துக்கு எதையாவது வாசித்துக்கொள்கிறது.

ஆராதனை முடிந்ததும் ரிஜிஸ்டரைத் திறந்தேன். கடைசிக் கட்டத்தின் தலைப்பு 'தடை'. இத்தனை வருஷமாக அதில் 'இல்லை' என்ற ஒரு வார்த்தையைத் தவிர நான் வேறெதுவும் எழுதியதில்லை. இந்தத் தடவை எழுதினேன்: 'இல்லை. மாமியார் ஞானப்பூ அம்மாள் எழுந்து நின்று சொன்னார்.'

ஐயர் வாசித்தார். கீழே கையெழுத்துப் போட்டார்.

கட்டம் சின்னது... எழுத்து கோட்டைத் தாண்டி ஓரம் வரைக்கும் போய்விட்டது.