லிஃப்ட்டில் மூன்று முறை

புரோகிராம் எழுத மாணவர்கள் எப்படிக் கற்கிறார்கள் என்பதுதான் என் ஆராய்ச்சி. ஒருநாள் தாம்பரத்துக் கல்லூரி ஒன்றில், லிஃப்ட்டை இயக்கும் புரோகிராமை எழுதச் சொன்னேன். கோவளத்து மீனவர் வீட்டுப் பெண் செல்வி வெற்றுத் தாளைத் தந்தாள். ‘தர்க்க அறிவு குறைவு’ என்று குறித்துக்கொண்டேன்.

“மேடம், நான் லிஃப்ட்ல ஏறினதே இல்ல,” என்றாள் தயக்கத்தோடு.

எனக்கு வெட்கமாகிவிட்டது. பக்கத்துத் துணிக்கடைக்கு அழைத்துப்போய், அவளோடு லிஃப்ட்டில் மூன்று முறை ஏறி இறங்கினேன்.

“மேல ஒருத்தர், கீழ ஒருத்தர், ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கூப்ட்டா இது இன்னா பண்ணும் மேடம்?” என்று கேட்டாள்.

நான் தயாரித்து வைத்திருந்த விடையில் அதற்கு வழியே இல்லை. திரும்பி வந்ததும் அதற்கும் வழி வைத்து அந்தப் புரோகிராமை அவளே எழுதிக் காட்டினாள்.

லிஃப்ட் புரோகிராம் எழுதும் அதே பயிற்சியை அதற்குமுன் எத்தனையோ பேருக்குக் கொடுத்திருந்தேன். அவர்களில் வெற்றுத் தாள் தந்த ஒருவரிடமாவது பேசிப் பார்த்தேனா என்று நினைத்தால் இன்றும் மனம் கூசுகிறது.