அத்தானின் இஞ்சினும் ஒட்டாத கைப்பிடிகளும்

அக்காவைக் கட்டிய நாளிலிருந்தே அத்தானுக்கு என்னைப் பிடிக்காது. எனக்கும் அவரைப் பிடிக்காது. ஆனால் இரண்டு பேருக்கும் ரயில் மாடல் என்றால் உயிர். அந்த ஒரே காரணத்துக்காக சனிக்கிழமைதோறும் குவீன்ஸ்டவுனிலிருந்து சிராங்கூனுக்குப் போய், அவர்கள் வீட்டுப் பின்னறையில் அவரோடு உட்கார்ந்திருப்பேன். அறையை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய பலகை. அதன் மேல், இப்போது ஆட்கள் நடைப்பயிற்சி போகிற பழைய ரயில்பாதையை, ரயில் ஓடிய காலத்தில் இருந்தபடி சின்ன அளவில் செய்துகொண்டிருந்தோம்.

பலகை அவர் வீட்டில் இருந்ததால் சட்டமும் அவருடையதுதான். நான் நட்ட மரத்தை மறுவாரம் பிடுங்கி வேறு இடத்தில் நட்டிருப்பார். கேட்டால், "அங்க மரம் இருந்ததில்ல" என்பார். கம்பெனியில் ஆட்குறைப்பு செய்து அவரை அனுப்பிய பிறகு அதட்டல் இன்னும் கூடியது. அந்த அறையில் மட்டும்தான் அவருக்குக் கீழே ஓர் ஆள் மிச்சம். எனக்கு அது புரியத்தான் செய்தது. புரிந்ததால் கோபம் ஒன்றும் குறையவில்லை.

தேக்கா பக்கம் ஒரு சமூக மன்றத்தில் எங்கள் மாடலைக் கண்காட்சிக்கு வைக்கக் கேட்டார்கள். அதற்காக அத்தான் இரண்டு டீசல் இஞ்சின்களை உதிரிபாகங்களாக வரவழைத்தார். உடல் சாதாரண பிளாஸ்டிக். இஞ்சினைச் சுற்றி வரும் கைப்பிடிக் கம்பிகள் மட்டும் வேறு ரகம், நனைந்த சோப்புக்கட்டி மாதிரி வழுக்கின. அத்தான் முதலில் பிளாஸ்டிக் சிமென்ட் போட்டார். அது சாதாரண பிளாஸ்டிக்கின் மேற்பரப்பைக் கொஞ்சம் கரைத்து இரண்டையும் ஒன்றாக்கிவிடும். இந்தக் கம்பிகளில் தண்ணீர் போலக் காய்ந்து போனது. அடுத்து சூப்பர் க்ளூ. பிடித்த மாதிரிதான் இருந்தது. மறுவாரம் நான் விரலால் லேசாகத் தொட்டேன், ஒரு பக்கக் கம்பி முழுக்கக் கழன்று வந்தது. காய்ந்த பசை பாலாடை மாதிரி தனியாக உரிந்தது. கறுப்புப் பெயிண்டில் பசையின் ஆவி படிந்து வெள்ளைக்கறை வேறு.

"அத்தான், இது அசிடால், வழுக்குற பிளாஸ்டிக். வெறும் பசை இதுல நிக்காது. உப்புத்தாள்ல தேய்ச்சு, பசை பிடிக்கறதுக்கு பிரைமர் தடவி, அப்புறம்தான் ஒட்டணும். அப்பவும் நம்ப முடியாது. ஓட்டை போட்டு, முனையை உள்ள விட்டு உருக்கிடறதுதான் சரி."

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "மொதல்ல நீ ஒரு வேலையில நிலைச்சு நில்லு. அப்புறம் வந்து எனக்குப் பாடம் எடு."

தேநீரோடு வந்த அக்கா வாசலில் நின்று அதைக் கேட்டாள். கோப்பைகளை வைத்துவிட்டுப் போய்விட்டாள். நான் இரண்டாவது இஞ்சினைப் பெட்டியோடு எடுத்துக்கொண்டேன். ஆளுக்கு ஒன்று செய்வோம், எது நிற்கிறது என்று பார்க்கலாம் என்றேன். பார்க்கலாம் லா, என்று சிரித்தபடி மறுபடி சூப்பர் க்ளூவையே எடுத்தார்.

சிராங்கூன் சாலைக்குப் பின்சந்தில் ஒரு ஹார்ட்வேர் கடையில் வழுக்கும் பிளாஸ்டிக்குக்கான பிரைமர் கிடைத்தது. கம்பிகளை வெட்டி எடுத்த பிறகு மிஞ்சிய பிளாஸ்டிக் சட்டத்தின் துண்டுகளில்தான் முதலில் சோதித்தேன். எப்பாக்ஸி பசை, காய்ந்த பொருக்கு மாதிரி முழுதாகப் பெயர்ந்தது. தேய்த்து, பிரைமர் தடவி, சூப்பர் க்ளூ போட்ட துண்டு இழுத்தால் வரவில்லை, வளைத்தால் வந்துவிட்டது. கைப்பிடிக் கம்பியோ எடுக்கும்போதும் வைக்கும்போதும் வளைந்துகொண்டே இருக்கிற சாமான். ஆகவே ஒவ்வொரு காலுக்கும் ஓட்டை போட்டு, முனையை உள்பக்கம் கொஞ்சம் நீட்டி, சால்டரிங் அயர்னை அதில் வைத்து ஆணித்தலை போலத் தட்டையாக்கினேன். அந்த வாடைக்குக் கண் எரிந்தது. ஜன்னலை எல்லாம் திறந்து, காற்றாடியைச் சுழலவிட்டு வேலை செய்தேன். கம்பி ஆடாமல் இருக்க மட்டும் ஒரு சொட்டுப் பசை. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த வேலை முழுக்க அவர் முகத்தை நினைத்துக்கொண்டுதான் செய்தேன்.

கண்காட்சியன்று நல்ல கூட்டம். அத்தானின் இஞ்சின்தான் பெட்டிகளை இழுத்துக்கொண்டு ஓடியது. என்னுடையது ஓரத்துத் தண்டவாளத்தில் நின்றது. ஒரு வளைவில் அவருடைய இஞ்சினின் கைப்பிடி கழன்று தண்டவாளத்தில் விழுந்தது. இஞ்சின் அதில் ஏறித் தடம் புரண்டு, பெட்டிகளோடு பலகையின் விளிம்பைத் தாண்டி சிமென்ட் தரையில் விழுந்தது.

அத்தான் கண்காட்சியை நடத்திய மன்றத்து அம்மாவிடம் திரும்பினார். "கைப்பிடி வேலையெல்லாம் என் மச்சினன் செஞ்சது. சொன்னா கேக்க மாட்டான்."

என் இஞ்சினை எடுத்து அந்த அம்மாவின் கையில் கொடுத்தேன். "நான் செஞ்சது இதுதாங்க. கைப்பிடியை இழுத்துப் பாருங்க." அவர் சங்கடத்தோடு இழுத்தார். அசையவில்லை. "கீழ விழுந்தது அவர் செஞ்சது" என்றேன். தேவைக்கு அதிகமாகவே சத்தமாகச் சொன்னேன். அத்தான் குனிந்து உடைந்த துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தார். நான் உதவவில்லை.

அடுத்த சனிக்கிழமை போனபோது, அவர்கள் மாடியில் லிஃப்ட் பக்கத்துச் சுவரில் பாதிப் பலகை சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அத்தான் அதை நடுவே ரம்பத்தால் அறுத்திருந்தார். தண்டவாளம், ஒயர், நான் செய்த ஸ்டேஷன் கூரை எல்லாம் ஒரே கோடாக அறுபட்டிருந்தன. அக்கா வெளியே வந்தாள்.

"எடுத்துட்டுப் போயிடு தம்பி. வழியில கிடந்தா நகர மன்றத்துல இருந்து ஆள் வந்து தூக்கிட்டுப் போயிடுவாங்க. நீயும் அன்னைக்குக் கொஞ்சம் பொறுத்திருக்கலாம்."

"அவர் பொய் சொன்னாருக்கா."

"தெரியும். அவரோட தினமும் இருக்கிறது நான்தான்."

உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. அவர் எழுந்து வரவில்லை. நானும் உள்ளே போகவில்லை. ஒரு வேனுக்குச் சொல்லிவிட்டு, அது வரும்வரை அந்தப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இப்போது அக்காதான் வெளியே வந்து என்னைப் பார்க்கிறாள், பெரும்பாலும் ஏதாவது கோப்பிக்கடையில். அவள் பிள்ளைகளைப் பற்றி, முட்டிவலியைப் பற்றிப் பேசுவோம். பின்னறையில் மீதிப் பாதி இருக்கிறதா, தூக்கிப் போட்டுவிட்டாரா என்று அவள் சொல்வதில்லை. நானும் கேட்பதில்லை.