செவலைக்கு நான் பார்த்த வைத்தியம்

பண்ருட்டியில் பலாப்பழம் சுமந்தவன் நான். இன்று சிதம்பரத்தில் சொந்தமாகப் பழமண்டி வைத்திருக்கிறேன். யாரிடமும் யோசனை கேட்டு வளர்ந்தவன் இல்லை.

எங்கள் நாய் செவலையின் மலத்தில் புழு நெளிந்தது.

"மாத்திரை வாங்கியாந்து குடுங்க," என்றாள் மனைவி.

"மூணு புள்ளய ஊசி போடாம வளத்தவன்டி நான்!" என்றேன். பூசணி விதையை அரைத்து, தினமும் ஐந்து பல் பூண்டு நசுக்கி, சோற்றில் பிசைந்து ஊட்டினேன்.

பத்தாம் நாள் செவலையால் எழுந்திருக்க முடியவில்லை. ஆட்டோவில் தூக்கிப் போனோம். மாட்டு ஆஸ்பத்திரி டாக்டரம்மா அதன் உதட்டைத் தூக்கிக் காட்டினார். ஈறு காகிதம்போல் வெளுத்திருந்தது.

"என்ன குடுத்தீங்க?"

ஊருக்கே யோசனை சொல்லும் நான் செவலையின் காதைத் தடவிக்கொண்டிருந்தேன். மனைவிதான் சொன்னாள்: "பூண்டு, டாக்டரம்மா. மூஞ்சத் திருப்பிக்கிட்டுதான் இருந்துச்சி. இவரு கையால குடுக்குறாரேன்னு தின்னுச்சி."

"பூண்டு நாய்க்கு ரத்தத்தையே கெடுத்துடும்யா. பூசணி விதைய நம்பியும் இருக்கக்கூடாது. எடை பாத்து மாத்திரதான் குடுக்கணும்."

ஒரு மாதம் அலைந்தோம். செவலை பிழைத்துவிட்டது.

நேற்று பூச்சி மாத்திரையை நீட்டினேன். முகர்ந்துகூடப் பார்க்காமல் விழுங்கியது. கொஞ்சம் சந்தேகப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.