மச்சான் அடித்த வெள்ளை

சிதம்பரத்துக்கு வெளியே ஒரு கல்லூரியில் நான் மின் பராமரிப்பு மேற்பார்வையாளன். விளக்கு, விசிறி, மோட்டார், ஏசி எல்லாம் என் பொறுப்பு. எந்த சுவிட்ச் எந்த அறைக்குப் போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். என் மனைவியின் தம்பி கடலூர் துறைமுகத்துப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவன். அவனைப் பார்த்து நான் வயிறெரிந்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவன்தான் பேச்சை எடுத்தான்.

“மேல்மாடி கிளாஸ்ல பசங்க ஒக்காரவே முடியல மாமா. மதியத்துக்கு மேல ஃபேன் போட்டா நெருப்புக் காத்துதான் வருது.”

“மொட்டைமாடிக்கு வெள்ளை அடி மச்சான்” என்றேன். “கல் சுண்ணாம்ப ஊற வெச்சி, பசை கலந்து ரெண்டு தடவ அடிச்சா, வெயில் பாதி மேலயே திரும்பிடும். சுவத்து மேல வென்டிலேட்டர் இருக்கும் பாரு, அத அட்டை வெச்சி அடைச்சிருப்பாங்க. அத மொதல்ல தொற.”

இதையெல்லாம் பல வருடத்துக்கு முன்பே எங்கள் கல்லூரி அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தேன். பதில் வரவில்லை. நானும் விட்டுவிட்டேன்.

அவன் விடவில்லை. கோடை விடுமுறையில் சக ஆசிரியர்கள் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு மாடி முழுவதும் வெள்ளை அடித்தான். வென்டிலேட்டர்களைத் திறந்தால் புறா உள்ளே வரும் என்று தலைமையாசிரியர் தயங்கினாராம். ஒரு மாணவியின் அப்பா, மீன்பிடிக்கப் போகிறவர், பழைய மீன் வலையை அளவெடுத்து வெட்டி, எல்லா வென்டிலேட்டரிலும் இழுத்துக் கட்டிக் கொடுத்தார். காற்று வந்தது, புறா வரவில்லை. வலை எனக்குத் தோன்றாத யோசனை. அதுதான் முதலில் உறுத்தியது.

பள்ளி திறந்த மாதத்தில் செய்தித்தாளில் படம் வந்தது. வெள்ளை மாடியில் மச்சான் இடுப்பில் கை வைத்து நிற்கிறான். ‘ஆசிரியரின் அசத்தல் யோசனை’ என்று தலைப்பு. குடும்ப வாட்ஸ்அப்பில் எல்லோரும் கைதட்டல் போட்டார்கள். நானும் போட்டேன், கடைசி ஆளாக.

“யோசனை யாருது?” என்று மனைவியிடம் கேட்டேன்.

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். “நீங்க சொன்னீங்க. அவன் செஞ்சான்” என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த சட்டையை எடுத்தாள்.

அடுத்த வாரம் கடலூரில் வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டு, ஏசி சோதிக்கும் வெப்பமானியைப் பையில் போட்டுக்கொண்டு அவன் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். பத்திரிகைக்காரர்கள் ஊதிப் பெரிதாக்கியிருப்பார்கள் என்று நினைத்தேன். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். மதியம் இரண்டு மணி. வெள்ளை அடிக்காத பக்கத்துக் கட்டடத்தில் நின்று பார்த்தேன், பிறகு அவன் வகுப்பில் பார்த்தேன். வித்தியாசத்தைச் சொல்ல வெப்பமானியே வேண்டாம், என் சட்டையே சொன்னது. பிள்ளைகள் தலைநிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

“பரவால்ல மச்சான். ஆனா ரெண்டு மழைக்கு வெள்ளை போயிடும்” என்றேன்.

“ஆமா மாமா, வருசா வருசம் அடிக்கணும். நீங்கதான் சொன்னீங்கன்னு பேப்பர்காரருகிட்டயும் சொன்னேன். அவுங்க போடல.”

அவன்மேல் கோபப்பட இருந்த ஒரே காரணமும் போய்விட்டது. பொறாமை மட்டும் போகவில்லை. இன்னும் ஜாஸ்தியானது.

அப்புறம்தான் எங்கள் கல்லூரி முதல்வர் என்னைக் கூப்பிட்டார். “கரன்ட் சேமிக்கிறது பத்தி ஒரு டீச்சர் பேச வராரு. உங்க சொந்தக்காரராமே! ஹாலை ரெடி பண்ணிடுங்க.” நான் எழுதிக் கொடுத்த கடிதம் அவருக்குப் பின்னால் இருந்த ஏதோ ஒரு பீரோவில்தான் கிடக்க வேண்டும்.

பேச்சு மதியம் மூன்று மணிக்கு. அன்று காலையிலேயே ஹாலில் இருந்த நாலு ஏசியையும் பதினெட்டில் வைத்தேன். ரிமோட்டுகளைப் பேன்ட் பைக்குள் போட்டுக்கொண்டேன். மின்சாரத்தைச் சேமிக்கச் சொல்லும் ஆள் குளிரில் நடுங்கிக்கொண்டே பேசட்டும், எல்லோரும் சிரிக்கட்டும். இதுதான் என் திட்டம். நாற்பத்தெட்டு வயதில்.

பேராசிரியைகள் முந்தானையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மச்சான் மேடையேறிக் கைகளைத் தேய்த்துக்கொண்டான். “இவ்ளோ குளிர்ல நின்னு நான் சேமிப்பு பத்திப் பேசுனா நல்லாவா இருக்கும்? ஏசிய நிறுத்திட்டு ஜன்னலத் தொறந்துடலாமா?”

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அவனோடு சேர்ந்து சிரித்தார்கள்.

ஏசிகளை நிறுத்தினேன். மாணவர்கள் எழுந்து ஜன்னல்களை இழுத்தார்கள். ஒன்றுகூட அசையவில்லை. ஏசி மாட்டிய காலத்தில் எல்லா ஜன்னலையும் ஆணியடித்து, இடுக்கில் பசை பூசி அடைத்தவன் நான். விசிறிகளையும் அப்போதே கழற்றியாகிவிட்டது. மேற்குச் சுவரில் வெயில். உள்ளே முந்நூறு பேர். கால் மணி நேரத்தில் நோட்டுப் புத்தகங்களெல்லாம் விசிறியாகிவிட்டன.

மச்சான் பேச்சை நிறுத்திவிட்டுக் கடைசி வரிசைப் பக்கம் பார்த்தான். “இந்தக் கட்டடத்த பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. தெரிஞ்சவரு பின்னாடி நிக்கிறாரு. எங்க மாமா. ஸ்கூல்ல நான் செஞ்சதுல பெரும்பாலும் அவரு சொல்லிக் குடுத்ததுதான். மாமா, மேல வாங்க.”

நடக்கும்போது பைக்குள் ரிமோட்டுகள் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போட்டன. மைக்கைப் பிடித்ததும் எனக்கு வந்த முதல் வாக்கியம், “ஜன்னல அடைச்சது நான்தான்” என்பது.

அதற்குப் பிறகு பேச்சு தானாக வந்தது. மேற்கே நிழலுக்கு ஒரு மரம்கூட இல்லாதது, ஏசி ஃபில்டர்களில் தூசி அடைந்து கிடப்பது, விசிறி ஓடினால் ஏசி இருபத்தாறில் இருந்தாலே போதும் என்பது, எல்லாவற்றையும் சொன்னேன். பதினெட்டில் வைத்தது யார் என்று மட்டும் சொல்லவில்லை.

“இத ஏன் முன்னாடியே சொல்லல?” என்று முதல்வர் கேட்டார்.

“எழுதிக் குடுத்தேன் சார். பதில் வரல. நானும் திரும்பக் கேக்கல.”

மச்சானைப் பைக்கில் பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோய் விட்டேன். இறங்கும்போது, “ஹால் ஏன் மாமா அவ்ளோ ஜில்லுன்னு இருந்துச்சி?” என்று கேட்டான்.

“பழைய மெஷின் மச்சான்.”

தலையாட்டிவிட்டுக் கடலூர் பஸ்ஸில் ஏறிக்கொண்டான். நம்பினானா, தெரியாது.

செமஸ்டர் விடுமுறையில் ஆணிகளை நானே பிடுங்கினேன். விசிறிகள் திரும்ப மேலே ஏறின. மொட்டைமாடிக்கு வெள்ளை அடித்தோம். இப்போது மதியம் வரை ஹாலில் ஏசி போடுவதில்லை. அறிவிப்புப் பலகையில் நன்றி என்று போட்டு முதலில் அவன் பெயர், கீழே சின்ன எழுத்தில் என் பெயர். இரண்டு முறை நின்று படித்தேன். அவன் பெயரின் எழுத்து எவ்வளவு பெரிது என்றுகூடப் பார்த்தேன்.

போன மாதம் காட்டுமன்னார்கோயில் பக்கத்திலிருந்து ஒரு பள்ளித் தலைமையாசிரியர் கல்லூரி அலுவலகத்துக்குப் போன் செய்தார், என்னிடம் கொடுத்தார்கள். வெள்ளை மாடி சார் நம்பர் கிடைக்குமா என்று கேட்டார். ஒவ்வொரு எண்ணாக நிறுத்திச் சொன்னேன். அவர் போனை வைக்கப் போனார்.

“சார், ஒரு நிமிசம்” என்றேன். “அவருக்கு ஸ்கூல் இருக்கும். நானும் வந்து பாப்பேன். என் நம்பரையும் எழுதிக்குங்க.”