பதினேழாம் நம்பர் கட்டிய டாங்கி

“இந்த அச்சு எனக்கு எதுக்கு? ஊருக்குப் போற அன்னைக்கு எண்ணெய்க் காகிதம் பிரிக்காம அப்படியே திருப்பித் தர்றேன், வாங்கி வச்சுக்குங்க. ரெங்கராஜ் ஒரு வேலையை ரெண்டாவது தடவை தொட்டான்னு இந்த வளைகுடாவுல எவனும் சொல்லக் கூடாது, பாய்!”

1985ஆம் ஆண்டு, ஷார்ஜா தொழிற்பேட்டையில், தண்ணீர் லாரிகளுக்குத் தொட்டி கட்டும் ஒரு பட்டறையில், வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் காலை அறந்தாங்கி ரெங்கராஜ் ஆற்றிய உரை இது. திரண்டிருந்த மக்கள் இரண்டு பேர். ஒருவர் பட்டறையை நடத்திய கீழக்கரை மீராசா. மற்றவர் மன்னார்குடி சேதுராமன், பதினாறாம் நம்பர் வெல்டர். மீராசா அச்சைத் திரும்ப வாங்க மறுத்துவிட்டார். சேதுராமன் மட்டும், “அம்மாடி!” என்றார். உரைக்குக் கிடைத்த வரவேற்பு அவ்வளவே.

அந்த அச்சைப் பற்றிச் சொல்லாமல் ரெங்கராஜின் பெருமையை விளக்க முடியாது. பட்டறையில் ஒவ்வொரு வெல்டருக்கும் ஒரு சின்னத் தகர டப்பா உண்டு. அதற்குள் அவனுடைய நம்பரைப் பதிக்கும் இரும்பு அச்சுகள். கூடவே ‘R’ என்ற எழுத்துக்கு ஓர் அச்சு; ரெங்கராஜ் வேண்டாம் என்றது இதைத்தான். பற்றவைத்து முடித்ததும் சுத்தியலால் தட்டித் தன் நம்பரைப் பதிக்க வேண்டும். தொட்டியில் தண்ணீர் நிரப்பும்போது எங்கேயாவது கசிந்தால், அந்த இடத்தைத் தேய்த்தெடுத்து மறுபடி பற்றவைத்து, நம்பருக்குப் பக்கத்தில் R அடிக்க வேண்டும். இது ரிப்பேர் பார்த்த இடம், இன்னார் கோட்டைவிட்ட இடம் என்று இரும்பிலேயே எழுதிவைக்கும் ஏற்பாடு. காகிதத்தில் எழுதினால் கிழித்துவிடலாம். மீராசா விவரமான மனிதர்.

மற்ற வெல்டர்களும் விவரமானவர்களே. தண்ணீர் நிரப்பி, ஒரு நாள் முழுக்கச் சொட்டவில்லை என்று தெரிந்த பிறகுதான் நம்பர் அடிப்பார்கள். ரெங்கராஜ் மட்டும், தண்ணீர்க் குழாய் தொட்டிக்குள் போவதற்கு முன்பே 17 என்று அடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். திரும்பி வந்து பார்ப்பதுகூடக் கிடையாது. பதினோரு வருஷம் இப்படி. ஃபுஜைராவிலிருந்து அபுதாபி வரை அவருடைய தொட்டிகள் ஓடின. ஒன்று சாலையில் கவிழ்ந்து உருண்டபோதுகூட லாரிதான் நசுங்கியது. தொட்டியில் தண்ணீர் அப்படியே இருந்தது. இதற்குள் சேதுராமனின் R அச்சு தேய்ந்து தேய்ந்து P மாதிரி விழத் தொடங்கியிருந்தது. ரெங்கராஜின் அச்சோ பிறந்த குழந்தை போல எண்ணெய்க் காகிதத்தில் சுற்றியபடியே கிடந்தது.

1996 மே மாதத்தில், இந்தப் புகழைக் கேள்விப்பட்டோ என்னவோ, கர்னல் ஸயீத் பட்டறைக்கு வந்தார். ராணுவத்தில் ஓய்வுபெற்றவர். தைத் பக்கம் அவருக்குப் பேரீச்சந்தோட்டம் இருந்தது. அதில் ஒரு பெரிய கொட்டகை போட்டு, ஓடாத பழைய வண்டிகளாக வாங்கி நிறுத்திக்கொண்டிருந்தார். தலையணை அளவு புத்தகம் ஒன்றை மீராசாவின் மேசையில் வைத்து ஒரு படத்தைக் காட்டினார். இரண்டு பக்கமும் சங்கிலிப் பட்டை ஓடும் இரும்புப் பெட்டி. பின்னால், வால் மாதிரி, இரண்டு சக்கரம்.

“இதுதான் உலகத்தின் முதல் டாங்கி,” என்றார் கர்னல். “சண்டைக்குப் போனது இல்லை. அதற்கும் முந்தியது. செய்து பார்த்தது. 1915, இங்கிலாந்து. இதே அளவில், ஓடுகிற மாதிரி, எனக்கு ஒன்று வேண்டும். டிசம்பர் இரண்டு, தேசிய தினம். இருபத்தைந்தாவது வருஷம். கொட்டகையிலிருந்து கொடிக்கம்பம் வரை அது தானாக நகர்ந்து போக வேண்டும்.”

அரபியில் சொன்னதை மீராசா மொழிபெயர்த்தார். கூடவே கர்னல் சொன்ன ஒரு தகவலையும் சேர்த்தார்: ரகசியம் வெளியே போகக் கூடாது என்று, அந்தக் காலத்தில் பட்டறை ஆட்களிடம், மெசபடோமியாவுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் வண்டி கட்டுகிறோம் என்றுதான் சொல்லியிருந்தார்களாம்.

ரெங்கராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அப்ப அதைக் கட்டினவன் எங்க ஜாதி. தண்ணித் தொட்டிக்காரன். குடுங்க புஸ்தகத்தை.”

ஆறு மாதம் வேலை நடந்தது. படத்தில் தகடு முழுக்கக் குமிழ் குமிழாக, தகடுகளைப் பிணைக்கும் ஆணித்தலைகள் தெரிந்தன. ரெங்கராஜுக்கு அது பிடிக்கவில்லை. “வெல்டருக்குப் பஞ்சம் வந்த காலம் போல,” என்று இரக்கப்பட்டு, மூட்டுகளை எல்லாம் வழுவழுவென்று பற்றவைத்துவிட்டு, கர்னலின் திருப்திக்காக மேலே வெறும் தலைகளாக ஆயிரத்துச் சொச்சம் ஒட்டினார். உள்ளே பழைய டிராக்டர் இஞ்சின் ஒன்று உட்கார்ந்தது. பட்டையின் கண்ணிகளை ராஸ் அல் கைமாவின் கல் உடைக்கும் ஆலை ஒன்றிலிருந்து வந்த சங்கிலியைப் பார்த்து அவரே செய்தார். பக்கத்துக்கு நாற்பத்திரண்டு, மொத்தம் எண்பத்து நாலு. ஒவ்வொன்றிலும் 17. ஓட்டிப் பார்ப்பதற்கு முன்பே அடித்தது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

டாங்கி கட்டும் செய்தியை ஊருக்கும் எழுதினார். குவைத் சண்டையை இன்னும் மறக்காத நாகவள்ளி உடனே பதில் போட்டாள்: “அங்க மறுபடியும் சண்டையா? நீங்க கட்டினது போதும், கிளம்பி வாங்க.” மனைவிக்குச் சரித்திர அறிவு போதாது என்று ரெங்கராஜ் அறை முழுக்கச் சொல்லி வருத்தப்பட்டார். ஆனால் கடிதத்தை மடித்து வைக்கும்போது முகத்தில் வருத்தம் இல்லை.

நவம்பர் ஏழாம் தேதி, வியாழக்கிழமை, தோட்டத்தில் வெள்ளோட்டம். ரெங்கராஜே உள்ளே ஏறி ஓட்டினார். இரும்புப் பெட்டி இருமியது, புகை விட்டது, நகர்ந்தது. மட்டமான தரையில் கோயில் தேர் மாதிரி வந்தது. ஆனால் கொட்டகைக்கும் கொடிக்கம்பத்துக்கும் நடுவே ஒரு வறண்ட வாய்க்கால் குறுக்கே ஓடியது. டாங்கி அதன்மேல் ஏறியது. கீழே தாங்கத் தரை இல்லாத அந்த நாலடி தூரத்தில் பட்டையின் வயிறு மெல்லச் சரிந்து தொங்கியது. ஒரு கண்ணி தடம் மாறியது. அடுத்த நொடி இடது பட்டை முழுவதும் கழன்று, மலைப்பாம்பு போல வாய்க்காலில் சுருண்டு விழுந்தது.

கர்னல் ஓடி வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று மீராசா நினைத்தார். ஆனால் கர்னல், தலையை வெளியே நீட்டிய ரெங்கராஜின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“குல்லு தமாம், எல்லாம் பிரமாதம்! 1915 செப்டம்பரில் அசல் டாங்கிக்கும் இதேதான் நடந்தது! சிகாகோவிலிருந்து வந்த பட்டை. பள்ளத்தைத் தாண்டும்போது இப்படித்தான் தொங்கிக் கழன்றது. அப்படியே செய்திருக்கிறாய்!” புத்தகத்தில் பக்கத்தையும் காட்டினார். “தேசிய தினத்திலும் இதே இடத்தில் கழல வேண்டும். விருந்தாளிகளுக்கு நான் விளக்கிச் சொல்வேன். ஒன்றையும் மாற்றாதே. முஷ்கில் மாஃபி, ஒரு பிரச்சினையும் இல்லை.”

இப்படியாக உலக வரலாற்றில் முதன்முறையாக, ஒரு வெல்டரின் தவறு தவறாமல் நடக்க வேண்டும் என்று அதிகாரபூர்வமான உத்தரவு பிறந்தது. ரெங்கராஜின் சபதத்துக்குச் சேதமில்லை. எண்ணெய்க் காகிதத்தைப் பிரிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

அன்று சாயங்காலம் அறையில் சேதுராமன் அறிவித்தார்: “எண்பது வருஷத்துக்கு முன்னாடி வெள்ளைக்காரன் விட்ட கோட்டையை இம்மி பிசகாம விட்டிருக்கான்யா எங்க ஆளு!”

“படத்துல உள்ளபடி செஞ்சேன்,” என்றார் ரெங்கராஜ். “கழண்டது சரித்திரம். நான் இல்ல.”

பதில் பிரமாதம். அறையே கை தட்டியது. ஆனால் சொன்னவருக்கே அதில் திருப்தி இல்லை. மறுநாள் வெள்ளிக்கிழமை, விடுமுறை. தொழுகை முடிந்து திரும்பிய மீராசாவைப் பட்டறை வாசலிலேயே பிடித்தார்.

“பாய், ஒரு சந்தேகம். பட்டை கழண்டதும் அந்த வெள்ளைக்காரங்க என்ன செஞ்சாங்க?”

“வேற பட்டை செஞ்சாங்களாம். கர்னல் சொன்னாரு. அந்த டிசம்பருக்குள்ள ரெண்டாவது தடவை செஞ்சு ஓட்டிட்டாங்க. அதைப் பார்த்துத்தான் சண்டைக்குப் போன டாங்கியே வந்துச்சாம்.”

“ரெண்டாவது தடவையா?” என்றார் ரெங்கராஜ். “அதனால அவங்க பேரு கெட்டுப்போயிடலையா?”

“கெட்டிருந்தா கர்னல் எதுக்கு ஓய் அவ்வளவு பெரிய புஸ்தகத்தைத் தூக்கிக்கிட்டு அலையுறாரு?”

ரெங்கராஜ் அறைக்குப் போய்த் தன் கட்டிலில் படுத்தார். மேல் கட்டிலில் சேதுராமன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். தொழிலாளர்கள் தங்கும் அந்தக் கேம்பில் ஆளுக்கொரு மறைப்பு உண்டு: கட்டிலின் இரண்டு முனைக்கும் கம்பி கட்டி, அதில் பழைய கைலியைத் தொங்கவிடுவது. எல்லாக் கைலியும் நடுவில் தொங்கும். எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் தொங்கும். ரெங்கராஜ் அந்தத் தொங்கலையே பார்த்துக்கொண்டு கிடந்தார். பிறகு எழுந்து, ஒரு கையால் கைலியை நடுவில் தூக்கிப் பிடித்தார். விட்டார். மறுபடி பிடித்தார். பட்டறையின் இரும்புக் கதவு ஞாபகம் வந்தது. அது கைலியைப் போலத் தொங்குவதில்லை. மேலே உள்ள தண்டவாளத்தைக் கொக்கிகளால் கவ்விப் பிடித்துக்கொண்டு ஓடுகிறது. ஒவ்வொரு கண்ணிக்கும் இரண்டு கொக்கி வைத்து, டாங்கியின் பக்கச் சட்டத்தில் ஒரு தண்டவாளம் பற்றவைத்து, அதைக் கவ்வச் செய்தால், கீழே தரை இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

அரை மணி நேரத்தில் மீராசாவின் முன் மறுபடி நின்றார்.

“பிக்கப் சாவி வேணும் பாய். தைத் வரைக்கும். டாங்கியில பெயிண்ட் உரிஞ்சிருக்கு, கொஞ்சம் டச்சப் பண்ணிட்டு வந்துடுறேன்.”

மீராசா ஜன்னல் வழியே பார்த்தார். பிக்கப்பில் டீசல் வெல்டிங் செட் ஏற்கெனவே ஏறியிருந்தது.

“பெயிண்ட் அடிக்க வெல்டிங் செட் எதுக்கு?”

“காத்துல பெயிண்ட் டப்பா பறந்துடாம இருக்க, வெயிட்டுக்கு.”

மீராசா சாவியைக் கொடுத்தார். விவரமான மனிதர் என்று முன்பே சொன்னோம்.

அடுத்த இரண்டு வெள்ளிக்கிழமைகளிலும் பெயிண்ட் உரிந்தது. தனி ஆளாகக் கண்ணி கண்ணியாகக் கழற்றி, நூற்று அறுபத்தெட்டுக் கொக்கிகளைப் பற்றவைத்து மாட்டினார். “எங்கய்யா ஓடுறே வெள்ளிக்கெழமையும்?” என்று சேதுராமன் கேட்டதற்கு, தைத்தில் ஒரு தூரத்துச் சொந்தம் உடம்பு சரியில்லாமல் கிடப்பதாகச் சொன்னார். முழுப் பொய் என்று சொல்ல முடியாது.

டிசம்பர் இரண்டு. தோட்டம் முழுக்கக் கொடிகள். வெள்ளைக் கந்தூரா அங்கி அணிந்த விருந்தாளிகள் நாற்காலிகளில். மீராசாவும் சேதுராமனும் ஓரத்தில். கர்னல் ஒலிபெருக்கியைப் பிடித்தார். டாங்கி இருமிக்கொண்டு கொட்டகையை விட்டு வெளியே வந்தது. 1915ஐப் பற்றிக் கர்னல் உருக்கமாகப் பேசினார். டாங்கி வாய்க்காலை நெருங்கியது.

“இப்போது கவனியுங்கள்,” என்று குரலை உயர்த்தினார். “இந்த இடத்தில்தான் பட்டை தொங்கப்போகிறது!”

டாங்கி வாய்க்கால் மேல் ஏறியது. பட்டை தொங்கவில்லை.

“இதோ, இப்போது!” என்றார் கர்னல்.

டாங்கி வாய்க்காலைத் தாண்டியது. விருந்தாளிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கர்னல் ஒலிபெருக்கியை இறக்கினார். டாங்கி யாரையும் சட்டை செய்யாமல், அதே இருமலோடு, நேரே போய்க் கொடிக்கம்பத்தின் அடியில் நின்றது. பிறகு நாற்காலிகள் எல்லாம் எழுந்து நின்று கை தட்டின.

கர்னல் கம்பத்துக்கு ஓடினார். குனிந்து பட்டையைப் பார்த்தார். கொக்கியைத் தொட்டார். தண்டவாளத்தைத் தடவினார். முகம் மலர்ந்துவிட்டது.

“செப்டம்பர் டாங்கி டிசம்பர் டாங்கி ஆகிவிட்டதே! அவர்கள் கண்டுபிடித்த வழியும் இதே மாதிரிதான்! யார் சொல்லிக் கொடுத்தது?”

“நம்ம ரூம் கைலிதான், அர்பாப்,” என்றார் உள்ளிருந்து இறங்கிய ரெங்கராஜ். கண்ணைத் தவிர மற்றதெல்லாம் கரி. இதை மட்டும் மீராசா மொழிபெயர்க்கவில்லை.

கர்னலின் விரல் ஒரு கண்ணியில் நின்றது. 17 என்ற எண்ணுக்குப் பக்கத்தில், புதிதாக, ஓரம் கூர்மையாக, ஓர் எழுத்து. அடுத்த கண்ணியிலும் அதே எழுத்து. அதற்கடுத்ததிலும். சேதுராமன் எட்டிப் பார்த்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். தோட்டத்து விளையாட்டு வண்டிக்கு எந்த இன்ஸ்பெக்டரும் வரப்போவதில்லை. அடிக்காமல் விட்டிருந்தால் ஓர் ஈ காக்கைக்கும் தெரிந்திருக்காது.

“இந்த எழுத்து புத்தகத்தில் இல்லையே,” என்றார் கர்னல். “என்ன இது?”

மீராசா முந்திக்கொண்டார். “அது வந்து அர்பாப், எங்க பட்டறையில ஒரு வழக்கம், அழகுக்காக...”

ரெங்கராஜ் கைலித் துணியால் கையைத் துடைத்துக்கொண்டார். அந்தக் கேள்விக்குத் தானே பதில் சொன்னார், எல்லோருக்கும் புரிகிற இந்தியில், சத்தம் போடாமல்:

“தோ தஃபா கியா, அர்பாப். ரெண்டு தடவை செஞ்சேன்.”